குடல் அழற்சி நோய்: சீறும் நாட்களும் அடங்கிய நாட்களும் – ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை வயிறு போகிறது. மலத்தோடு ரத்தமும் சளியும் கலந்து வருகின்றன. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலில் நினைப்பார்கள். பிறகு மூலம் என்பார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் நாலு நாள் நிற்கும், ஐந்தாம் நாள் மறுபடி தொடங்கும். இப்படியே மாதங்கள் ஓடிய பிறகுதான் பலருக்குக் ‘குடல் அழற்சி நோய்’ என்ற பெயரே காதில் விழுகிறது.

பெயர் தெரிந்ததும் எல்லோரும் கேட்பது, “எப்போது குணமாகும்?” என்பதைத்தான். அடியோடு அழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் இதை வருடக்கணக்கில் அடக்கி வைக்க முடியும். படிப்பு, வேலை, திருமணம், குழந்தை எதையும் விட்டுக்கொடுக்காமல் வாழ முடியும். வலிக்கும்போது மட்டும் மருத்துவரிடம் ஓடுகிறவர்களுக்கு அது கைகூடுவதில்லை. வயிறு அமைதியாக இருக்கும் நாட்களில் யார் இந்த நோயைக் கவனிக்கிறார்களோ அவர்களுக்கே அது அடங்குகிறது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒன்றைச் சுற்றியே போகும்.

1. எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஐ.பி.டி. என்று சுருக்கிச் சொல்லும் இந்த நோயில் பெரிய வகைகள் இரண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இது பெருங்குடலில் வரும். ஆசனவாயை ஒட்டிய மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் படரும். புண் பெரும்பாலும் குடலின் உள்தோலோடு நின்றுவிடும். மற்றொன்று குரோன்ஸ். இது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில்தான் அதிகம் காணப்படுகிறது. இங்கே கொஞ்சம் புண், நடுவில் நல்ல குடல், அப்பால் மறுபடி புண் என்று திட்டுத்திட்டாக இருக்கும். குடல் சுவரின் முழுத் தடிமனையும் அரிப்பதால் குடல் சுருங்கி அடைப்பு ஏற்படலாம், துளை விழுந்து பவுத்திரம் ஆகலாம், சீழ்க்கட்டி வரலாம்.

புதிதாக முளைத்த நோய் என்று பயப்பட வேண்டாம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெயரை 1859-லேயே லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் எழுதியிருக்கிறார். நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 1932-இல் வெளியிட்ட கட்டுரைதான் குரோன்ஸ் என்ற பெயருக்கு மூலம்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, குடலில் காலங்காலமாகக் குடியிருக்கும் கிருமிகளை எதிரியாக நினைத்துச் சண்டையை நிறுத்தாமல் நடத்துகிறது. அதில் அடிபடுவது குடல். இந்தப் போக்கோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 200-க்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. மரபணு மட்டும் காரணமில்லை, சூழலும் சேர வேண்டும். இது தொற்றாது. ஒரு நாள் சாப்பிட்ட ஏதோ ஒன்றால் வந்ததும் இல்லை. “நான் என்ன தப்பு செய்தேன்?” என்று தன்னையே குடைந்துகொள்கிறவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: நீங்கள் எதுவும் செய்யவில்லை.

ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) என்பது வேறு. அதில் வலியும் வயிற்றுப்போக்கும் இருக்கும், ஆனால் குடலில் புண் இருக்காது. மலத்தில் ரத்தம், எடை குறைதல், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்காரக் கூடாது.

2. உடம்பு காட்டும் அறிகுறிகள்

பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தொடங்கும். குழந்தைகளுக்கும் வரும், அறுபதைத் தாண்டியவர்களுக்கும் வரும். நான்கு வாரத்துக்கு மேல் நீளும் வயிற்றுப்போக்கு, அவசரம் தாங்காமல் கழிவறைக்கு ஓடுவது, போய் வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, காரணமில்லாத களைப்பு ஆகியவை கொலைட்டிஸில் வழக்கம். குரோன்ஸில் ரத்தமே இல்லாமல் வலது அடிவயிற்று வலியும் எடை இழப்பும் மட்டும் இருக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கு உயரம் கூடாமல் நிற்பதே முதல் அடையாளமாக இருப்பதுண்டு.

குடலுக்கு வெளியேயும் இது தலைகாட்டும். மூட்டு வீக்கம், கண் சிவந்து வலிப்பது, முழங்காலுக்குக் கீழே தொட்டால் வலிக்கும் சிவப்பு முடிச்சுகள், திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண் எல்லாம் இந்த நோயின் பங்காளிகள். சிலருக்குப் பித்தநாளங்களும் பாதிக்கப்படும். கண்ணுக்கு ஒரு மருத்துவர், மூட்டுக்கு ஒரு மருத்துவர் என்று அலைகிறவர்கள், வயிற்றுக் கதையையும் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும்.

3. பரிசோதனைகளை வரிசையாக முடியுங்கள்

முதலில் மலப் பரிசோதனை. கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். கூடவே மலத்தில் கால்புரோடெக்டின் அளவு பார்ப்பார்கள். குடலில் அழற்சி இருந்தால் இது ஏறும். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. 250-ஐத் தாண்டினால் குடல் கொதித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., அல்புமின் என்ற புரதம், இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி பார்ப்பார்கள்.

தீர்ப்பைச் சொல்வது கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது. சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை குழாய் போக வேண்டும். புண்ணாகத் தெரியும் இடத்தில் மட்டுமில்லாமல் பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்திலிருந்தும் பயாப்ஸிக்கு, அதாவது சோதனைக்கு, சிறு திசுத் துண்டு எடுக்க வேண்டும். முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்துதான் பலருக்கும் பெரிய சிரமம், பரிசோதனை மயக்கத்திலேயே முடிந்துவிடும். குரோன்ஸ் என்று சந்தேகம் இருந்தால் சிறுகுடலைப் பார்க்க எம்.ஆர். ஸ்கேன் தேவைப்படும். கேமரா மாத்திரை விழுங்குவதற்கு முன் குடலில் சுருக்கம் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம்.

குடல் காசநோய் அச்சு அசலாகக் குரோன்ஸ் போலவே இருக்கும். பயாப்ஸி பார்த்தும் குழம்புகிற நிலை உண்டு. காசநோயைக் குரோன்ஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் உடம்பெங்கும் பரவ வழி செய்வது போலாகிவிடும். அதனால் மருத்துவர் முடிவு சொல்ல நேரம் எடுத்துக்கொண்டால் பொறுமையாக இருங்கள், அந்தத் தாமதத்தில் அர்த்தம் இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் நாலு கேள்விக்கான பதிலை எழுதி வாங்குங்கள். எந்த வகை? குடலில் எங்கிருந்து எங்குவரை? எவ்வளவு கடுமை? சுருக்கமோ பவுத்திரமோ இருக்கிறதா? வருங்காலத்தில் எந்த ஊரில், எந்த மருத்துவர் முன் உட்கார்ந்தாலும் இந்த ஒரு தாள் போதும்.

4. மருந்துகளைப் புரிந்துகொண்டு சாப்பிடுங்கள்

வேலை இரண்டு. எரிகிற தீயை அணைப்பது ஒன்று, மறுபடி பற்றாமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நினைப்பதில்தான் பல குழப்பங்கள் தொடங்குகின்றன.

லேசான, நடுத்தரமான கொலைட்டிஸுக்கு மெசலமைன். நாளொன்றுக்கு 2 முதல் 4.8 கிராம் வரை கொடுப்பார்கள். தீயை அணைக்கவும் உதவும், தொடர்ந்து எடுத்தால் காவலும் காக்கும். மாத்திரையோடு எனிமாவாகவோ ஆசனவாயில் வைக்கும் சப்போசிட்டரியாகவோ சேர்த்து எடுத்தால் மாத்திரை மட்டும் எடுப்பதைவிடப் பலன் அதிகம். மலக்குடலோடு நிற்கும் நோய்க்குச் சப்போசிட்டரிதான் முதல் மருந்து. கூச்சத்தால் இதை வாங்கி வைத்துவிட்டுப் பயன்படுத்தாதவர்கள் ஏராளம். புண் இருக்கும் இடத்திலேயே போய்ச் சேரும் மருந்து இது. படுக்கப் போகும் முன், கழிவறைக்குப் போய் வந்த பிறகு, இடப்பக்கம் சாய்ந்து படுத்து எனிமாவைச் செலுத்துங்கள். முதல் சில நாள் தங்காது. குடல் ஆறத் தொடங்கியதும் இரவு முழுக்கத் தங்கும். குரோன்ஸுக்கு மெசலமைன் பெரிதாக உதவுவதில்லை.

ஸ்டீராய்டு வேகமாக வேலை செய்யும். பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரா வாரம் குறைத்து, இரண்டு மாதத்துக்குள் நிறுத்துவது பொதுவான முறை. சாப்பிட்ட சில நாட்களில் உடம்பு லேசாகி, பசி எடுத்து, உலகமே நன்றாகத் தெரியும். ஆபத்து அங்கேதான். இது காவல் மருந்து இல்லை. நீண்ட நாள் எடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை விழும், தொற்று சுலபமாகும். சட்டென்று நிறுத்தவும் கூடாது, ஏனென்றால் அதற்குள் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். ஒரே வருடத்தில் இரண்டாவது முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டாலோ, குறைக்கக் குறைக்க நோய் திரும்பினாலோ, காவல் மருந்து போதவில்லை என்று பொருள். “மருந்தை மாற்றலாமா?” என்று நீங்களே கேளுங்கள். பழைய சீட்டைக் காட்டித் தானாக ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடுவது, இந்த நோயில் நான் மிகவும் அஞ்சும் பழக்கம்.

அடுத்த படியில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோபிரின். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பொறுக்காமல் பாதியில் விடுகிறவர்கள் உண்டு. தொடங்கும் முன் டி.பி.எம்.டி., என்.யு.டி.டி.15 என்ற மரபணுச் சோதனைகள் பற்றிக் கேளுங்கள். ஆசிய மக்களிடையே இரண்டாவதில் மாறுபாடு அதிகம். அது இருந்தால் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம், முடி கொத்தாகக் கொட்டலாம். சோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும் ரத்த எண்ணிக்கையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். இதே வேலையைச் செய்யும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையைச் சீட்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

உயிருள்ள செல்களில் தயாரிக்கும் பயாலஜிக் மருந்துகள் இந்த நோயின் போக்கையே மாற்றிவிட்டன. 1998-இல் அமெரிக்காவில் குரோன்ஸுக்கு அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்ஸிமாப் முதலாவது. முதல் நாள், 2-ஆம் வாரம், 6-ஆம் வாரம், அதன்பின் 8 வாரத்துக்கு ஒருமுறை என்று நரம்பில் ஏற்றுவார்கள். அடாலிமுமாப் வீட்டிலேயே தோலடியில் போட்டுக்கொள்ளும் ஊசி. வெடோலிசுமாப் பெரும்பாலும் குடலளவில் வேலை செய்வதால் தொற்று அச்சம் குறைவு. உஸ்டெகினுமாப், ரிசான்கிசுமாப் அழற்சியைத் தூண்டும் வேறு பாதையை மறிப்பவை. இவற்றில் சிலவற்றுக்கு வந்துள்ள, மூல மருந்தைப் போலவே செய்த பயோசிமிலர் வடிவங்கள் செலவைக் குறைத்திருக்கின்றன, பலனில் அவற்றுக்கு நம்பகமான சான்று உண்டு. தோஃபாசிட்டினிப், உபாடாசிட்டினிப் ஆகியவை ஜேக் வகை மாத்திரைகள். வேகமாகப் பலன் தரும், ஆனால் அக்கி, ரத்தக்கட்டு அபாயம் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும். இந்த வகை மருந்து எதைத் தொடங்கினாலும் அதற்கு முன் காசநோய், ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம். ஊசித் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். இடைவெளி விட்டால் உடம்பு சில மருந்துகளுக்கு எதிராகவே ஆயுதம் செய்துகொள்ளும், அப்புறம் அதே மருந்து கேட்காது.

5. அமைதியான நாட்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

தினமும் எத்தனை முறை போனது, ரத்தம் உண்டா, இரவில் எழுந்தீர்களா, வலி எப்படி, எடை எவ்வளவு. ஐந்து வரி, ஒரு நிமிடம். இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால், நீங்கள் நினைவில் வைத்திருந்த கதைக்கும் தாளில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களையே திகைக்க வைக்கும். மருத்துவர் முன் “பரவாயில்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வருந்துகிறவர்களுக்கு இந்த நோட்டு பேசும்.

அறிகுறி அடங்குவதும் புண் ஆறுவதும் ஒன்றில்லை. வயிறு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே உள்ளே புண் புகைந்துகொண்டிருக்கலாம். 2021-இல் வெளியான ஸ்ட்ரைடு-2 என்ற சர்வதேசப் பரிந்துரை, சிகிச்சையின் இலக்கைப் படிப்படியாக வகுத்திருக்கிறது: முதலில் அறிகுறி குறைய வேண்டும், அடுத்து சி.ஆர்.பி.யும் கால்புரோடெக்டினும் இறங்க வேண்டும், கடைசியாக கொலோனோஸ்கோபியில் புண் ஆறியிருக்க வேண்டும். அதனால் நன்றாக இருக்கும்போதும் சில மாதங்களுக்கு ஒருமுறை கால்புரோடெக்டின் பாருங்கள். அறிகுறி வருவதற்குப் பல வாரங்கள் முன்பே அந்த எண் ஏறத் தொடங்குவதுண்டு.

6. நோய் சீறும்போது

‘ஃபிளேர்’ என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நாட்களில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது: மருந்தை விட்டேனா? வேறு நோய்க்கு வலி மாத்திரை எடுத்தேனா? சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேனா? மலத்தில் தொற்று இருக்கிறதா என்று, குறிப்பாக சி. டிஃபிசில் என்ற கிருமிக்காக, ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். தொற்றைச் சீற்றம் என்று எண்ணி மருந்தைக் கூட்டினால் சிக்கல்தான். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்து நீரிழப்பைத் தடுங்கள்.

வீட்டில் காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் 1955-இல் வகுத்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போகிறது, கூடவே நாடித்துடிப்பு 90-க்கு மேல், அல்லது காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல், அல்லது ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழே இருந்தால், அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். அந்த நேரத்தில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு போன்ற மாத்திரை வேண்டாம், பெருங்குடல் பலூன் மாதிரி வீங்கி வெடிக்கும் அபாயம் உண்டு. உள்ளே ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றி, மூன்றாம் நாள் நிலைமையை எடைபோட்டு, பலனில்லாவிட்டால் அடுத்த மருந்தா அறுவையா என்று முடிவெடுப்பார்கள். சீற்றத்தில் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயமும் அதிகம், அதற்கான தடுப்பு ஊசி போடுவார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லுங்கள்.

குரோன்ஸ் உள்ளவர்களுக்கு வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றும் மலமும் நின்றுபோனால் குடல் அடைப்பு. ஆசனவாய் ஓரம் துடித்து வலித்துக் காய்ச்சலும் வந்தால் சீழ்க்கட்டி. இரண்டுக்கும் தாமதம் ஆகாது.

7. சாப்பாடு

எல்லோரும் எல்லா அறிவுரையும் சொல்வது இந்த விஷயத்தில்தான். எல்லாருக்கும் பொருந்தும் ஒற்றை உணவுத் திட்டம் கிடையாது. நோய் அடங்கியிருக்கும்போது காய், பழம், பருப்பு, மீன் எல்லாம் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். பயந்து பயந்து ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் எலும்பும் தோலுமாக நிற்பவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. சீற்ற நாட்களிலும் குடலில் சுருக்கம் இருக்கும்போதும் தோல், கொட்டை, முரட்டு நார் தவிர்த்து, நன்றாக வேகவைத்து, சிறு சிறு வேளையாகச் சாப்பிடுங்கள். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டும் நிறுத்துங்கள். சீற்றத்தில் புரதத் தேவை கூடும், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டியிருக்கும்.

உணவே மருந்தாகும் இடம் ஒன்று நிச்சயமாக உண்டு. குரோன்ஸ் உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் வேறெதுவும் தராமல் திரவ ஊட்டச்சத்து மட்டும் கொடுத்தால் நோய் தணிகிறது. ஸ்டீராய்டின் பக்கவிளைவு இல்லை, வளர்ச்சியும் கெடாது. பிள்ளைக்குக் கடினம்தான். வீட்டில் எல்லோரும் சேர்ந்து துணை நின்றால் முடியும்.

8. குடலைத் தாண்டிய கவனிப்பு

புகைப்பதை நிறுத்துங்கள். குரோன்ஸை அது நேரடியாக மோசமாக்கும். தலைவலி, மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும். தடுப்பூசிகளை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து தொடங்கும் முன்பே முடிப்பது நல்லது. தொடங்கிய பிறகு உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் போடக் கூடாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போடலாம். இரும்பு மாத்திரை வயிற்றைக் கெடுத்தால் நரம்பில் ஏற்றும் இரும்பு உண்டு.

மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயோடு சேர்ந்தே வருகின்றன. வெளியே கிளம்பும் முன் கழிவறை எங்கே என்று கணக்குப் போடும் வாழ்க்கை மனிதரைச் சுருக்கிவிடும். அதைப் பலவீனம் என்று மறைக்க வேண்டாம், மருத்துவரிடம் மூட்டுவலியைச் சொல்வது போலவே இதையும் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சையைத் தோல்வியாகப் பார்க்காதீர்கள். கொலைட்டிஸில் பெருங்குடலை முழுவதும் எடுத்தால் குடல் நோய் நீங்கும். சிறுகுடலால் பை செய்து ஆசனவாயோடு இணைக்கவும் முடியும். குரோன்ஸில் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நோய் திரும்பக்கூடும் என்பதால் 6 முதல் 12 மாதத்துக்குள் கொலோனோஸ்கோபி செய்து பார்ப்பார்கள்.

குழந்தை பெற விரும்பினால், நோய் குறைந்தது 3 முதல் 6 மாதம் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. தாய்க்கும் குழந்தைக்கும் பெரிய ஆபத்து சீறும் நோய்தான். பெரும்பாலான மருந்துகளைக் கர்ப்பத்திலும் தொடரலாம். மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் சில மாதங்கள் முன்பே நிறுத்தியாக வேண்டும், ஜேக் வகை மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். மெசலமைன் இனத்தைச் சேர்ந்த பழைய மருந்தான சல்ஃபாசலசைன் ஆண்களுக்கு விந்தணுவைக் குறைக்கும், நிறுத்தினால் சரியாகும்.

பெருங்குடலில் நீண்ட நாள் அழற்சி இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. நோய் தொடங்கி 8 வருடம் ஆனதும் அதற்கென்றே கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும். பித்தநாள நோயும் இருந்தால் கண்டுபிடித்த நாளிலிருந்தே வருடாவருடம்.

9. மருந்தை நிறுத்தலாமா?

இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. மாத்திரை டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். வருவது இயல்பு. தானாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். கால்புரோடெக்டின் தொடர்ந்து இறங்கியிருக்கிறதா, கொலோனோஸ்கோபியில் புண் முழுக்க ஆறியிருக்கிறதா, கடந்த வருடங்களில் ஸ்டீராய்டு தேவைப்பட்டதா, குடலை எவ்வளவு நீளம் பாதித்த நோய் என்பதை எல்லாம் வைத்துத்தான் பதில் வரும். இரண்டு மருந்து எடுப்பவர்களுக்குச் சிலசமயம் ஒன்றைக் குறைக்கலாம். முழுவதும் நிறுத்தியவர்களில் கணிசமானோருக்கு ஓரிரு வருடத்தில் நோய் திரும்புகிறது. நிறுத்துவதென்று முடிவானால், அதே நாளில் அடுத்த கால்புரோடெக்டின் சோதனைக்கான தேதியையும் குறித்துக்கொண்டு, அந்த ஐந்து வரி நோட்டைத் தொடர்ந்து எழுதுங்கள்.